பத்மினி நின்றால் கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய பிரீமியர் பத்மினி கார் வழியில் நின்றுவிட்டால் பானெட்டைத் தூக்குவதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள், அதில் மூன்று பேர் "கார்புரேட்டர் அடைச்சிருக்கும், கழட்டுங்க" என்பார்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது அதுதானே. நானும் பல வருடம் அந்த மூன்று பேரில் ஒருவனாகத்தான் இருந்தேன். என்னிடம் இருப்பது 1982 வண்டி, அப்பா வாங்கியது, 1089 சிசி, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். மதுரை திருநகரிலிருந்து திண்டுக்கல் போகும்போது வாடிப்பட்டி தாண்டினால் இருமும், கொஞ்ச தூரம் இழுத்து இழுத்துப் போகும், அப்புறம் நின்றுவிடும். ஓரமாகப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரை இரண்டு தடவை இறக்கி சர்வீஸ் பண்ணினேன், பம்ப் கிட் மாற்றினேன், ஒரு மெக்கானிக் சொன்னாரே என்று ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைக்கூட மாற்றினேன். மூன்றாவது முறை நின்றபோது டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், பழைய டாக்ஸி டிரைவராம், எழுந்துகூட வராமல் "தம்பி, பெட்ரோல் மூடியத் தொறங்க" என்றார். திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. பழைய மூடியை எங்கோ பங்கில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன், அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிப் போட்ட மூடியில் காற்றுத் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. ஊசி முனை அளவு துளை ஒன்று போட்டதும் தீர்ந்தது. இரண்டு மாதச் செலவும் அலைச்சலும் அந்த ஒரு 'உஸ்'ஸில் போச்சு.

அன்றிலிருந்து என் வழக்கம் பின்னாலிருந்து முன்னால்: மூடி, டேங்க், லைன், ஃபில்டர், பம்ப், கடைசியில்தான் கார்புரேட்டர். பெட்ரோல் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் நாமும் வர வேண்டும். டேங்கில் துருவை வைத்துக்கொண்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் அடுத்த வாரமே திரும்பக் கழற்ற வேண்டியதுதான். நான் சொல்வது பத்மினிக்கு, அதாவது ஃபியட் 1100 வம்சத்துக்கு. அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், உருப்படிகளின் இடம்தான் மாறும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அதனால் வீட்டு போர்ட்டிகோவில் வேலை செய்வதாக இருந்தால் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, மோட்டார் சுவிட்ச் எல்லாம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிற பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம், தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான். கையால் அமுக்குகிற சின்ன பம்ப் சல்லிசாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, இந்த வண்டி பிறந்தபோது இருந்த பெட்ரோல் வேறு, இப்போது ஊற்றுகிற பெட்ரோல் வேறு. 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் மட்டும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்தது, இப்போது எங்கே போட்டாலும் கிட்டத்தட்ட அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும், டேங்க் சுவரில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். நாற்பது வருடம் சும்மா கிடந்த அழுக்கு திடீரென்று ஃபில்டருக்கு வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெட்ரோலைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, உருப்படிகளை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூடியைப் பார்த்தாச்சு என்றால் அடுத்து டேங்க். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டது, அந்தப் பெட்ரோல் முழுவதையும் வடித்தாக வேண்டும். செம்மண் மாதிரி அடியில் படிந்தால் துரு. ரொம்ப நாள் நின்ற வண்டியாக இருந்தால் மூடியைத் திறந்ததுமே பெயின்ட் கடை வாசனை வரும், அது கெட்டுப்போன பெட்ரோல், புதுப் பெட்ரோலைக் கலந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

துரு லேசாக இருந்தால் டேங்கை இறக்கி, வடித்து, கைப்பிடி சின்ன ஜல்லியோ ஒரு முழம் சங்கிலியோ உள்ளே போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கி அலசினாலே பாதி வந்துவிடும். போட்டதை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கவும், ஜல்லியைவிடச் சங்கிலி நல்லது என்பதற்கு அதுவே காரணம். துரு கனமாக இருந்தால் சிட்ரிக் ஆசிட், அதுதான் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவார்களே, 20 லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் போதும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம், அது துருவோடு தகரத்தையும் தின்னும். காலையில் வடித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காய வைக்க வேண்டும். 'உடனே' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பளபளவென்று வந்த தகடு ஈரத்தோடு அரை மணி நேரம் இருந்தாலே மறுபடி மஞ்சள் பூக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில் இந்த ஒரு வேலைக்குத்தான் உதவுகிறது: மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்து, நடுநடுவே கம்ப்ரசர் காற்று அடித்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள்.

ஓட்டை இருந்தால் என்ன செய்வது? தெருமுனை வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. தண்ணீர் நிரப்பிக் கழுவி, ஆவியைப் போக்கி வேலை செய்யத் தெரிந்த ரேடியேட்டர் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். எம்-சீல் வைத்து ஒப்பேற்றினால் ஊர் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். டேங்குக்குள் பூசுகிற கோட்டிங் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள், தாங்காதது தோல் தோலாக உரிந்து லைனை அடைக்கும், அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய பாடு. டேங்கைத் திரும்ப ஏற்றும்போது பெட்ரோல் மீட்டருக்கு அளவு அனுப்புகிற யூனிட்டின் கார்க் பேக்கிங்கையும் மாற்றிவிடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டால் டேங்க் நிரப்பிய அன்றைக்கே டிக்கி மணக்கும்.

அப்புறம் லைன். வண்டிக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள், கிளிப் பிடிக்கிற இடங்களில்தான் துரு உள்ளே உள்ளே அரிக்கும். மாற்றுவதாக இருந்தால் பழைய குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து அதே அளவு இரும்பு அல்லது செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். வெறும் செம்புக் குழாயை வளைப்பது சுலபம், அதனால்தான் பட்டறையில் அதை எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் அதிர்வில் இறுகி இறுகி ஒருநாள் கீறல் விடும்.

ரப்பர் ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வண்டி தீப்பிடிக்க முக்கிய வழியே இதுதான்: பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சாண் நீள ஹோஸ் வெடிப்பு விட்டு, சூடான என்ஜின் மேல் சொட்டுவது. ஹோஸை விரல்களுக்கு நடுவே மடக்கிப் பாருங்கள், நெற்றிச் சுருக்கம் மாதிரி கோடு விழுந்தால் தூக்கி எறியுங்கள். வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்பக்கம் மாவாகிக் கரிப்பொடி மாதிரி உதிர்வது உண்டு, ஒரு துண்டை வெட்டிப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். வாங்கும்போது ஹோஸ் மேலேயே அச்சடித்திருக்கும், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருப்பதைக் கேளுங்கள், எத்தனாலைத் தாங்கும் உள்பூச்சு அதில் இருக்கிறது. டவுனுக்குள் கிடைக்கவில்லை என்றால் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வரவழைக்கலாம், நாலைந்து நாளில் பார்சலில் வந்துவிடும். கேஸ் அடுப்பு டியூப், கண்ணாடி மாதிரி தெரியும் பிவிசி டியூப் இரண்டையும் மாட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பிவிசி இரண்டு மாதத்தில் வளையல் மாதிரி இறுகிவிடும். கிளிப்பிலும் கவனம் வேண்டும், பட்டையில் பல் வெட்டிய சாதாரண கிளிப் சின்ன ஹோஸைக் கடித்து அறுக்கும், விளிம்பு மழுங்கிய முழுப்பட்டை கிளிப் போடுங்கள்.

ஃபில்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒன்று, அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையில், சைலன்சரிலிருந்து தள்ளி. டேங்க் வேலை முடிந்த பிறகு முதல் ஃபில்டரை நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஃபில்டருக்குள் பாதிதான் பெட்ரோல் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

இப்போது பம்ப். என்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப், உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும், கேம்ஷாஃப்ட் சுற்றும்போது அது அமுக்கி அமுக்கி இழுக்கும். நல்ல பம்பா என்று பார்க்க எளிய வழி: கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விடுங்கள், காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியை மாட்டி, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். விட்டு விட்டு, கனமாக, குமிழி இல்லாமல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் உடனே பம்பைக் குறை சொல்லாமல், பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு சின்ன பெட்ரோல் கேனுக்குள் நேராக விட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது நன்றாக அடித்தால் குற்றவாளி பம்ப் இல்லை, பின்னால் லைனிலோ டேங்கிலோ காற்று இழுக்கிறது அல்லது அடைப்பு இருக்கிறது.

பம்புக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும், அதில் பெட்ரோல் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. சில சமயம் வெளியே கசியாமல் உள்ளே, என்ஜின் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள்: ஆயில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், பெட்ரோல் வாசனை அடித்தால் வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். டயாஃப்ரத்தை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

கிட் போடுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கழற்றும் முன் பம்பின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் சேர்த்து குறுக்கே அரத்தால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேர்க்கும்போது பைப் எந்தப் பக்கம் பார்த்தது என்று முழிக்க வேண்டியிருக்கும். மேல் மூடிக்குள் இருக்கும் சல்லடையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். புது டயாஃப்ரத்தை வைத்து ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் ஏற்றி, லீவரை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டே எதிரெதிராக இறுக்க வேண்டும். லீவரை அமுக்காமல் இறுக்கினால் டயாஃப்ரம் விறைப்பாக நின்று முதல் வாரத்திலேயே ஓரத்தில் கிழியும், கிட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். என்ஜினில் பூட்டும்போது பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கிற தடித்த பேக்கிங்கைப் பழைய கனத்திலேயே போடுங்கள். அதன் கனம் கூடினால் லீவரின் தள்ளல் குறைந்து பம்ப் சோம்பிப்போகும், குறைந்தால் லீவர் முட்டி உடையும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது, எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் இந்தக் கார்புரேட்டருக்கு வேண்டியது இரண்டு, மூன்று பிஎஸ்ஐ அழுத்தம்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பை மாட்டினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் குடம் கவிழ்த்த மாதிரி கொட்டும். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக வயரிங் பண்ணத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

நம் பக்கம் வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் கோரிப்பாளையத்திலோ தல்லாகுளத்திலோ மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் முதல் கியரிலேயே நகர்ந்தீர்கள் என்றால், பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி பம்ப் காற்றை மென்றுகொண்டிருக்கும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், பானெட்டுக்குள் அந்தச் சூடெல்லாம் சாதாரணம். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றினால் கிளம்பிவிடும், பழைய டிரைவர்கள் செய்வதுதான். நிரந்தரமாகத் தீர லைனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், சூடு ஏறாமல் தடுக்க கார்புரேட்டருக்குக் கீழே இருக்க வேண்டிய பேக்கலைட் கட்டையை எவராவது 'எதற்கு இது' என்று கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். என் வண்டியில் அது இல்லாமலேயே பத்து வருடம் ஓடியிருக்கிறது.

சரி, கார்புரேட்டர். சோலக்ஸ், ஒற்றைக் குழல், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வெள்ளை வேட்டித் துணியை விரித்து அதன் மேல் கழற்றுங்கள், கழற்றக் கழற்ற போனில் படம் எடுங்கள். மூடியைத் திறந்ததும் பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள், தளும்பினால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. நீடில் வால்வுக்கு அடியில் ஒரு வாஷர் இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். சோலக்ஸில் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிப்பதே அந்த வாஷரின் கனம்தான், வேறு வண்டி வாஷரைப் போட்டுவிட்டு 'ஓவர்ஃப்ளோ ஆகுது' என்று ஃப்ளோட்டை வளைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ஜெட்டுக்குள், அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளையுள்ள பித்தளை உருப்படிக்குள், கம்பி விடவே கூடாது. பித்தளை மெத்தென்ற உலோகம், கம்பி ஒரு தடவை உரசினாலே துளை பெருத்துவிடும், அப்புறம் மைலேஜ் ஏன் குறைகிறது என்று தேட வேண்டியதுதான். கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து கம்ப்ரசர் காற்று அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தூண்டில் நரம்பு ஒரு துண்டு, அல்லது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு. ஈர்க்கின் நுனி உள்ளேயே ஒடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழுவட்டமாகத் தெரிய வேண்டும்.

மூடி வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும். கண்ணாடிக் கடையில் ஒரு தடித்த துண்டு வாங்கி, அதன் மேல் நைஸ் எமரி தாளை ஒட்டி, ஒரு சொட்டு ஆயில் விட்டு, மூடியின் முகத்தை அதில் வைத்து எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் மூலைகள் மட்டும் பளபளக்கும், நடுவில் கறுப்பாகவே நிற்கும், அந்தக் கறுப்பு சுருங்கிச் சுருங்கி மறைகிற வரை தேய்ப்பு. அவசரப்பட்டு அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் ஐடிலிங் ஏறி இறங்குகிறதா, ஆக்ஸிலேட்டரை அமுக்கும்போது கார்புரேட்டரில் சுழல்கிற ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அந்த இடைவெளியில் காற்று போகிறது. இரண்டு முனையிலும் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் விடும்போது ஐடிலிங் கொஞ்ச நேரம் சீரானால் சந்தேகமே இல்லை. லேத் பட்டறையில் பித்தளை புஷ் அடித்துத் தருவார்கள்.

டியூனிங்குக்கு, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றுகிற மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல முட்டும் வரை உள்ளே விட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானபின் தடுமாறும் வரை உள்ளே, அங்கிருந்து அரைச் சுற்று வெளியே. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். நல்ல டீக்கடைப் பால் டீ நிறம் இருந்தால் சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் வெளுப்புப் பக்கம்தான் சாயும், அதே காற்றுக்கு அது கூடுதலாக வேண்டும். வெளுத்த பிளக்கோடு மேட்டில் இழுவையும் இல்லை என்றால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றலாம். ஜெட் எண் என்பது துளையின் அளவு, 125 என்றால் 1.25 மில்லிமீட்டர், அடுத்து 127.5 அல்லது 130. ஒரேயடியாக 140-க்குத் தாவாதீர்கள். கொடைக்கானல் போகிறவர்கள் மேலே வண்டி கொஞ்சம் கரி கக்குகிறதே என்று அங்கேயே ஸ்க்ரூவைத் திருக வேண்டாம், உயரத்தில் காற்று மெலிந்துபோவதால் வருவது அது, வத்தலக்குண்டு இறங்கியதும் சரியாகிவிடும்.

எல்லாம் பூட்டியாச்சா, ஸ்டார்ட் பண்ணும் முன் பம்பின் கை லீவரை இருபது தடவை அமுக்கி கார்புரேட்டரை நிரப்புங்கள், ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த விரலால் தொட்டு மோந்து பாருங்கள். சூடான பிறகு இன்னொரு தடவை. ராத்திரி வண்டிக்கு அடியில் டேங்கிலிருந்து பம்ப் வரை பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள், காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே இருக்கிற கிளிப்பை இன்னும் அரைத் திருகு.